மாப்பிள்ளையின் மூக்கு

பெயிண்டில் கலக்கிற தின்னர் டின்னின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பட்டறை முழுக்கத் தின்னர் வாசம்.

அர்த்தநாரி டின்னைத் தூக்கிப் பார்த்தார். காலையில் இறக்கி வைத்தபோது இரண்டு கையும் வேண்டியிருந்தது. இப்போது ஒரு கையில் வந்துவிட்டது. இன்றைக்கு அமாவாசை. லாரிகளுக்குப் பூசை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டால், திருச்செங்கோட்டில் அன்றைக்கு எந்தப் பட்டறையிலும் பிரஷ் நனையாது. அப்புறம் பாதி டின் எங்கே போனது?

அவர் வந்தது மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க. இருபது வருஷமாக லாரிகளின் முதுகில் பேரெழுதிப் பிழைக்கிற மனுஷன், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மட்டும் ஒருநாளும் அறிந்ததில்லை. அதற்காகப் பெண்டாட்டி பாப்பாயி அவருக்கு வைத்திருந்த பேரை எந்த லாரியிலும் எழுத முடியாது.

சாயங்காலம் ஆறு மணி வெளிச்சம் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் புளிப்பு, அணைந்த சூடத்தின் புகை, பகலெல்லாம் காய்ந்த தகரத்தின் சூடு, எல்லாவற்றுக்கும் மேலே அந்த இனிப்பான, தலைக்கேறுகிற வாசம். நடுவே கூரை போட்டு, மூன்று பக்கமும் அடைத்துப் பாடி கட்டிய புது லாரி. அதன் பின்கதவில் அவர் எழுதிய திருஷ்டி பூதத்துக்கு இன்னும் கண் வைக்கவில்லை. கண் கடைசியில்தான் எழுதவேண்டும்.

லாரிக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

குழந்தைவேலுவின் செருப்பு. ஒரு வார் அறுந்து, ஊக்கு குத்தியது.

குழந்தைவேலு அவருடைய அக்கா ராசம்மாளின் ஒரே பிள்ளை. பதினாறு வயது. வெண்ணந்தூரில் தறி நெய்கிற அக்கா, புருசன் செத்த வருஷம் அவனைக் கூட்டிவந்து, "தம்பி, எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான் சாமி. உங்கையில குடுத்துட்டேன்" என்றாள். "பொழுதுக்கும் சிரிக்க வெச்சே வளத்திருவேன், போக்கா" என்றார் இவர். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

அமாவாசைக்கு அமாவாசை பையன் ஊருக்குப் போவான். இன்றைக்கும் பூசணிக்காய் உடைக்குமுன்பே, "போயிட்டு நாளைக்கு வாரேனுங்க மாமா" என்று கிளம்பிவிட்டான். செருப்பில்லாமலா?

தின்னரில் மண்ணெண்ணெய் கலப்பது அந்தக் காலத்துக் கடைக்காரர்களுக்கு ஒரு கைத்தொழில். கலந்ததில் அடித்த பெயிண்ட் வாரமானாலும் காயாது. அதனால் டின் வந்ததும் துணியில் தொட்டு மோந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். அர்த்தநாரியின் மூக்கு பொடி போட்டே மழுங்கிவிட்டது. மாப்பிள்ளையின் மூக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

"மோந்து பாரு மாப்ள."

"நல்ல சரக்குங்க மாமா."

"போலீசு நாய்க்குக்கூட இந்த மூக்கு இல்லடா!"

பட்டறையே சிரிக்கும். பையன் காது சிவக்க நிற்பான். பக்கத்துப் பட்டறைக்காரர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். இவருக்கு அதில் பெருமை வேறே.

அப்புறம் பையனின் வாயைச் சுற்றிப் புண் வந்தது. "யாரடா கடிச்சது?" என்று கேட்டுச் சிரித்தார். ஏணியிலிருந்து விழுந்தான். "பகல்லயே சொப்பனமா மாப்ள?" பதினைந்து நாள் முன்பு, லாரி மறைவில் பனியன் துணியை முகத்தில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து இவரைப் பார்த்தான், யாரென்றே தெரியாத மாதிரி.

"டின்னே வரலியே, எதடா மோந்து பாக்கறே?"

பையன் சிரித்தான். இவரும் சிரித்தார். அக்காவுக்குச் சொல்லவில்லை.

ஸ்ஸ்ஸ்... ஹா.

அர்த்தநாரி நின்றார்.

ஸ்ஸ்ஸ்... ஹா. லாரிக்குள்ளிருந்து. மெதுவாக, ஆழமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சுகிற மாதிரி.

"டேய் மாப்ள..." பின்கதவைத் தட்டினார். "ஊருக்குப் போறேன்னுட்டு இங்கயா குந்தியிருக்கே? உங்கொம்மா பஸ் ஸ்டாண்டுல காத்துக் கெடக்கும். வாடா சாமி. ஒன்னும் வைய மாட்டேன். இனிமே உன்னய மோந்து பாக்கச் சொன்னா என்னயச் செருப்பால அடி."

வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தார். குரல் உடைந்துவிட்டது.

சத்தம் நிற்கவில்லை.

கண்ணில்லாத பூதத்தின் மேல் கை வைத்துக் கதவைத் திறந்தார். வாசம் முகத்தில் அறைந்தது. மூலையில் குழந்தைவேலு. முதுகு பலகையில் சாய்ந்திருந்தது. முகத்தில் துணி. துணியைப் பிடித்த கை. ஊருக்குப் போகப் போட்ட புதுச்சட்டை.

"மாப்ள."

தவழ்ந்து போய்த் தோளைத் தொட்டார். அந்தத் தகரச் சூட்டிலும் சில்லென்றிருந்தது. கையைப் பிடித்து இழுத்தார். முழங்கை அசையவில்லை. மரக்கட்டை. விரலிடுக்கில் எறும்பு ஊர்ந்தது.

காலையிலேயே. வெளியே பூசணிக்காயைத் தூக்கிப்பிடித்து இவர் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தபோதே.

மார்பில் காது வைத்தார். ஒன்றுமில்லை. ராசம்மாளின் முகம் வந்தது. அழுகை வந்தது. வாயைத் திறந்தார்.

ஸ்ஸ்ஸ்...

துணி உள்ளே குழிந்தது.

ஹா.

துணி வெளியே உப்பியது.

மார்பு அசையவில்லை. துணி மட்டும். உள்ளே. வெளியே. உள்ளே.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இருட்டு. வாசம்.

"நல்ல சரக்குங்க மாமா."

அவன் குரல்தான். காது சிவக்க நிற்பானே, அதே குரல்.

அவர் பிடியிலிருந்த கை, அசையாத அந்தக் கை, மெதுவாக நீண்டது. ஈரத்துணி அவர் மீசையைத் தொட்டது. மூக்குக்கு வந்தது. அழுத்தியது.

"மோந்து பாருங்க."