ஜெர்சன் வைத்த பெயர்

எப்சியின் தம்பி ஜெர்சனுக்குப் பதினோரு மாதம். பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் அவன் அழுதால் தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

அம்மா மறுபடியும் பள்ளியில் பாடம் நடத்தப் போனதால், பகலில் அவன் பக்கத்துத் தெரு ஞானஜோதி ஆன்ட்டியின் குழந்தைகள் காப்பகத்தில் இருந்தான்.

"யூனிஸ், தப்பா எடுத்துக்காதீங்க. நாள் முழுக்க அழறான். என்ன வேணும்னே புரியல. இந்த மாசம் பார்ப்போம். சரியாகலைன்னா வேற இடம் பாருங்க" என்றார் ஆன்ட்டி அம்மாவிடம்.

வேறு இடம் எதுவும் இல்லை. அம்மா வேலையை விட வேண்டியதுதான். அன்று அம்மா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. எப்சிக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

வாய் பேசுவதற்கு முன்பே குழந்தையின் கை பேசும் என்று அவளுடைய மிஸ் சொல்லியிருந்தார். உடனே ஐந்தாம் வகுப்பு எப்சி, தம்பிக்கு டீச்சர் ஆனாள். பால் கொடுக்கும்போதெல்லாம் கையை மூடி மூடித் திறந்தாள். "பால்." வயிறு நிறைந்ததும் இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினாள். "போதும்."

ஜெர்சன் அவள் விரலைப் பிடித்துக் கடித்தான்.

"டீச்சருக்கு நல்ல மரியாதை" என்றார் அப்பா.

"அடி மேல அடி வெச்சா அம்மியும் நகரும்பா."

இருபது நாள் ஆயிற்று. அம்மி நகரவில்லை.

ஒரு நாள் மாலை ஆன்ட்டியிடமிருந்து போன் வந்தது. "யூனிஸ், மூணு நாளா தோளைத் தட்டித் தட்டி அழறான். வலிக்குதோ என்னமோ. டாக்டர்கிட்ட காட்டுங்க."

அம்மா பதறிப்போனார். அப்போதுதான் பள்ளி விட்டு வந்திருந்த எப்சியும் கூடவே ஓடினாள்.

ஜெர்சன் வாசலைப் பார்த்தபடி, இரண்டு கைகளாலும் தன் தோள்களைத் தட்டிக்கொண்டிருந்தான். எப்சியைக் கண்டதும் அழுகை நின்றது. தவழ்ந்து வந்து அவள் மடியில் ஏறி, தோள்களில் தொங்கிய இரட்டைப் பின்னலைப் பிடித்தான். பிறகு தன் தோள்களைத் தட்டிச் சிரித்தான்.

எப்சிக்கு என்னவோ தோன்றியது. சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஜெர்சன் தேடினான். தோள்களைத் தட்டினான். அவள் எட்டிப் பார்த்ததும் சிரித்தான்.

"அம்மா, இவனுக்கு வலி இல்ல. என் பின்னலைக் காட்டி என்னைத்தான் கூப்பிடறான்."

எப்சி தம்பியை அள்ளித் தூக்கிக்கொண்டாள். இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாலே பல் முளைத்த இந்தக் குட்டிப் பயல், தானாகவே யோசித்து அக்காவுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறான். மூன்று நாளாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் இருக்கிறான்.

"இனிமே இவன் தோளைத் தட்டினா நீங்களும் தட்டுங்க ஆன்ட்டி. அப்புறம் கையால 'வா'ன்னு காட்டுங்க. அக்கா வருவான்னு புரிஞ்சுக்குவான்" என்றாள் எப்சி.

ஆன்ட்டி மறுநாளிலிருந்து அப்படியே செய்தார். அழுகை மெல்ல மெல்லக் குறைந்தது. மாதக் கடைசியில் அவரே அம்மாவிடம் சொன்னார்: "இவன் இங்கேயே இருக்கட்டும் யூனிஸ். இப்பல்லாம் கையை மூடித் திறந்து பால்கூட கேக்கறான்."

ஞாயிற்றுக்கிழமை எப்சி தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். பின்னலும் இல்லை, ரிப்பனும் இல்லை. ஜெர்சன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

பிறகு கொஞ்சமும் சந்தேகமில்லாமல் இரண்டு தோள்களையும் தட்டினான்.