வரப்பில் கிடந்த சரஸ்வதி

காகிதம் காலில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். காகிதம் என்றால் சரஸ்வதி. அங்காளுவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள் அம்மா குப்பம்மா. குப்பம்மாவுக்கு எழுத்தின் தலை எது, வால் எது என்றுகூடத் தெரியாது.

அங்காளு ஒரே ஒரு மழைக்காலம் பள்ளிக்கூடம் போனாள். அப்புறம் நாற்று நட ஆள் போதவில்லை என்றார்கள். பள்ளிக்கூடம் நின்றது. அவளுக்கு அப்போது வயது எட்டு. இப்போது பத்து.

அன்று காலை அடையாற்றுக்குத் தெற்கே, திருவான்மியூர் போகிற வரப்பில் கஞ்சிக் கலயத்தோடு வந்தவள் திடுக்கிட்டு நின்றாள். வரப்பு நெடுக வெள்ளை வெள்ளையாய்க் காகிதத் துண்டுகள். எல்லாவற்றிலும் எழுத்து!

“அய்யோ! எந்தப் பாவி சரஸ்வதியக் கிழிச்சி, வழியெல்லாம் போட்டுக்கினு போனான்?”

கலயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கண்ணில் ஒற்றி மடியில் போட்டாள். ஒற்றைப் பனைமரத்தடியில் வழி இரண்டாகப் பிரியும். அங்கேதான் துண்டுகள் அதிகம் கிடந்தன. ஒன்றுகூட விடவில்லை.

பக்கத்து வயலில் அம்மாவோடு நடவுக்கு இறங்கிய கொஞ்ச நேரத்தில் தடதடவென்று சத்தம் கேட்டது. அரைக்கால் சட்டை போட்ட பையன்கள் வரப்பில் ஓடி வந்தார்கள். மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அன்றைக்கு ஓட்டப் பந்தயம். அடையாற்றுப் பாலத்தில் கிளம்பி, திருவான்மியூர்க் குளத்தைச் சுற்றிக்கொண்டு பாலத்துக்கே திரும்ப வேண்டும்.

முன்னால் வந்தவன் பனைமரத்தடியில் நின்றான்.

“டேய் அம்பி, பேப்பரையே காணுமேடா! பேப்பர் கிடக்கற வழியாத்தானே ஓடணும்னு சார் சொன்னார்?”

“அந்தப் பாதைதான் அகலமா இருக்கு, சுப்பராமா. வா!” என்றான் அம்பி. எல்லோரும் வலது பக்கம் திரும்பி ஓடினார்கள்.

அங்காளுவின் கை தானாக மடிக்குப் போயிற்று.

“எம்மா, இது சரஸ்வதி இல்லியாம். வழியாம்!”

“கத்தாதடி!” குப்பம்மா நிமிராமலே சொன்னாள். “நீதான் எடுத்தேன்னு தெரிஞ்சா நம்மள வயல்லேந்தே தொரத்திடுவாங்க. யாரும் பாக்கல. வாய மூடிக்கினு நடு.”

“அந்தப் பக்கம் கால்வாய்ச் சேறு கீதும்மா.”

“பெரிய வூட்டுப் புள்ளைங்க. கண்ணு இல்லியா அதுங்களுக்கு?”

கண் இருந்தாலும் தெரியாத சேறு அது. மேலே காய்ந்து புல் முளைத்திருக்கும். உள்ளே கூழ். போன வருஷம் ஓர் எருமை அதில் இறங்கியது. கொஞ்ச நேரம் கொம்பு தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

அங்காளு நாற்றுமுடியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அம்பி தொடைவரை புதைந்திருந்தான். மற்றவர்கள் கரையில் நின்று “அம்பி! அம்பி!” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கத்தினால் சேறு விடுமா?

வரும்போதே பனைமரத்தடியிலிருந்து இழுத்து வந்த காய்ந்த ஓலைகளைச் சேற்றின்மேல் பரப்பினாள். அதில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள்.

அம்பி கையைப் பார்த்தான். பிடிக்கவில்லை.

“இன்னா பாக்கற? என்னைத் தொட்டா உங்கூட்ல திட்டுவாங்களா?”

“ஆத்துல... திட்டுவா.”

“சேறு திட்டாது. முழுங்கிடும்.”

அம்பி பிடித்தான். சுப்பராமன் அங்காளுவின் கால்களைப் பிடித்து இழுத்தான். மற்றவர்கள் சுப்பராமனை இழுத்தார்கள். ‘பொளக்’ என்று அம்பி வெளியே வந்தான். அவனுடைய ஒரு செருப்பு வரவில்லை.

“ரேஸ் போச்சு!” என்று அழுதான் அவன்.

“ஒண்ணும் பூடல. அழுவாம என் பின்னாலயே வாங்க.”

அங்காளு முன்னால் ஓடினாள். வாய்க்காலைத் தாண்டி, சவுக்குத் தோப்பைக் கடந்து, கொக்குகள் எழுந்து பறக்கப் பறக்க ஓடினாள். குளத்தைச் சுற்றினாள். வேறு வரப்பில் வடக்கே திரும்பினாள். சுப்பராமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தான். அவளைத் தாண்ட முடியவில்லை.

பாலத்தடியில் பரிசுக் கோப்பையோடு நின்றிருந்த டிரில் மாஸ்டர் துரைராஜ், முதலில் வந்து நின்ற அங்காளுவைப் பார்த்து முழித்தார். வழியில் பேப்பரே இல்லை என்று பின்னால் வந்த சேற்றுப் பையன்கள் சொன்னதும் அவருக்கு மூக்குச் சிவந்தது.

“பேப்பரை எடுத்தது எவன்?”

அங்காளு மடியை அவிழ்த்துக் காட்டினாள்.

“நாந்தான் சார். காலு படக் கூடாதேன்னு எடுத்தேன்.”

“திருட்டுக் கழுதை! கையை நீட்டு!” மாஸ்டர் பிரம்பை எடுத்தார்.

அம்பி வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். தன் கால் விரல்களைப் பார்த்தான்.

சுப்பராமன்தான் சொன்னான்: “சார், அம்பியைக் காப்பாத்தினது இவதான். ஃபர்ஸ்ட் வந்ததும் இவதான்.”

“ஃபர்ஸ்டா? இவ பந்தயத்துலயே இல்லடா!”

பிரம்பு மேலே போனது. அங்காளு நீட்டிய கையை மடக்கவில்லை.

“பந்தயத்துல நான் இல்லேன்னா, பந்தயத்தக் கெடுத்ததுக்கு அடி மட்டும் எனக்கு எதுக்கு சார்?”

பிரம்பு பாதியில் நின்றது. மாஸ்டருக்கு இருமல்தான் வந்தது.

அப்புறம் அவர் கோப்பையைச் சுப்பராமனிடம் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அங்காளுவைப் ‘போ’ என்றுகூட யாரும் சொல்லவில்லை. அவளே போனாள்.

வயலில் குப்பம்மா இன்னும் குனிந்தபடிதான் இருந்தாள். மகளின் பங்கையும் அவளே நட்டு முடித்திருந்தாள்.

“உசுரோட கீதா அந்தப் புள்ளைங்க?”

“கீதும்மா.”

குப்பம்மா பெருமூச்சு விட்டாள். “யாருடி மொதல்ல வந்தது?”

“நாந்தான்.”

“இன்னா குடுத்தாங்க?”

“ஒரு அடி. அதுவும் பாதி வழியிலயே நின்னு பூட்ச்சி.”

குப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சேற்றுக் கையால் கண்ணைத் துடைத்தாள். “ஓடனது போதும், கஞ்சியக் குடி” என்றாள்.