கத்தரிக்கோல் இல்லாத மேசை

நல்லது செய்யப் போய்த்தான் நிருஜா தன் தோழியை இழந்தாள்.

நியூசிலாந்தின் கிளென்ஃபீல்டில் அவள் படிக்கும் வகுப்பில் ஆளுக்கு ஒரு நாட்டைப் பற்றிப் பேச வேண்டும். நிருஜா கொங்கோவை எடுத்தாள். பக்கத்து இருக்கை ஃபுராஹா அங்கிருந்து வந்தவள்; சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். பெரிய அட்டையில் வரைபடம் வரைந்து தங்கம், வைரம், செம்பு, கோபால்ட் கிடைக்கும் இடங்களில் பளபளக்கும் தாளை வெட்டி ஒட்டினாள்.

“கைப்பேசி பேட்டரிக்குள் இருக்கிற கோபால்ட் நிறைய இந்த மண்ணிலிருந்துதான் போகிறது” என்றாள்.

மிஸ் கைதட்டினார். மிஸ் எல்லாவற்றுக்கும் கைதட்டுவார். அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

வசீகரன் கையைத் தூக்கினான். “இவ்வளவு பணக்கார நாடு என்றால் ஃபுராஹா ஏன் இங்கே வந்தாள்?”

வகுப்பே சிரித்தது. ஃபுராஹா ஹூடித் தொப்பியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். மறுநாள் நிருஜாவின் இருக்கையில் ஃபுராஹாவின் பை உட்கார்ந்திருந்தது. ஃபுராஹா அதை எடுக்கவில்லை.

வெளியே மழை. ஆக்லாந்துக் குளிர்காலத்தில் அது விடவும் விடாது.

“அம்மா, வசீகரன்ட அப்பாவும் அகதியாத்தானே வந்தவர்?” வீட்டுக்கு வந்ததும் நிருஜா கேட்டாள்.

“ஓம். அதுக்கு இப்ப என்ன? பள்ளிக்கூடச் சண்டையை வீட்டுக்குக் கொண்டு வராத.”

ஒட்டியதுபோக ஒரு கட்டுத் தாள் மிச்சம் இருந்தது. ஃபுராஹாவுக்கு ஒரு நட்சத்திரம் வெட்டிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது.

“கத்தரிக்கோல் எங்கயம்மா?”

“என்னட்ட. முருங்கைக்காய்ப் பொட்டலம் வெட்டுறன். பொறு.”

“எனக்கு இப்ப வேணும்!”

“நான் தாற நேரம்தான் தருவன்.”

மடி நிறையத் தாளை வைத்துக்கொண்டு, ஒன்றும் வெட்ட முடியாமல் நிருஜா சும்மா இருந்தாள். அப்படியே இருந்தவள், திடீரென்று நிமிர்ந்தாள்.

மறுநாளும் மழை. மதிய இடைவேளையில் எல்லாரும் வகுப்புக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். ஃபுராஹா மட்டும் தன் இடத்தில் தனியாக இருந்தாள்.

“மிஸ், என் பேச்சு இன்னும் முடியவில்லை” என்றாள் நிருஜா. மிஸ் தலையாட்டினார்.

தாள் முழுவதையும் வசீகரனின் மேசையில் கொட்டினாள். மற்ற மேசைகளுக்கு வகுப்புக் கத்தரிக்கோல்களைக் கொடுத்தாள். “நிறைய நட்சத்திரம் செய்கிற மேசைக்கு வெற்றி. கையால் கிழித்தது செல்லாது.”

“நாங்கள்தான் பணக்காரர்!” வசீகரன் துள்ளினான். கொஞ்ச நேரம்தான்.

“கத்தரிக்கோலைத் தாங்களேன்” என்று பக்கத்து மேசையைக் கேட்டான்.

“ஒரு பிடி தாள் கொடு. ஒரு நட்சத்திரம் வெட்டலாம்.”

“அநியாயம்!”

“அப்போ சும்மா இரு.”

கொடுத்தான். வெட்டத் தொடங்கும் முன்பே மற்ற மேசைக்காரர்கள் விலையை ஏற்றினார்கள். அதையும் கொடுத்தான். மணி அடித்தபோது மற்ற மேசைகளில் நட்சத்திரங்கள் குவிந்து கிடந்தன. வசீகரனிடம் கோணலாக ஒன்றே ஒன்று.

“தாள் எல்லாம் எங்களுடையது!” என்று கத்தினான்.

கோபம் வந்தால்தான் பள்ளியில் நிருஜாவுக்குத் தமிழ் வரும். “ஓம், எல்லாம் உன்ர மேசையிலதானே கிடந்தது. பிறகேன்டா வெறுங்கையோட நிக்கிறாய்?”

தமிழ் தெரியாதவர்களுக்கும் அது விளங்கிவிட்டது.

வசீகரன் மெல்ல நடந்து போய், தன் நட்சத்திரத்தை ஃபுராஹாவின் முன்னால் வைத்தான். “கொஞ்சம் கோணல்” என்றான்.

“தெரிகிறது” என்றாள் ஃபுராஹா. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினாள். “என் அண்ணன் கோபால்ட் தோண்டப் போனான். திரும்பி வரவில்லை.”

யாரும் சிரிக்கவில்லை. மிஸ்ஸும் கைதட்டவில்லை. ஜன்னலில் மழை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

ஃபுராஹா குனிந்து, பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

நிருஜா போய் உட்கார்ந்தாள்.