ஆறிப்போகும் சுவர்

குளியலறைச் சுவர் சூடாக இருந்தது.

முகம் கழுவக் குனிந்தவள் தடுமாறி, விழாமலிருக்கக் கையை ஊன்றியபோதுதான் அதைக் கவனித்தாள். வெயிலே படாத சுவர் அது. எல்லா வீடுகளுக்கும் சூடேற்றுகிற அடித்தளத்து பாய்லர் படுத்துவிட்டதிலிருந்து கட்டடம் முழுவதும் குளிர் குடியேறியிருந்தது. வீட்டுக்குள் பேசினாலே வாயிலிருந்து புகை வந்தது, குழாயைத் திறந்தால் விரல் விறைத்தது. ஆனால் அந்த ஒரு சுவர் மட்டும், உண்டுவிட்டுப் படுத்திருக்கும் நாயின் வயிறு மாதிரி, ஒரு மெத்தென்ற வெதுவெதுப்போடு அவள் உள்ளங்கையை வாங்கிக்கொண்டது. அவள் சட்டென்று கையை எடுத்தாள். எடுத்தபின் கை ஏனோ ஈரமாக இருப்பதுபோல் தோன்ற, புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கணவனோடும் மாமியாரோடும் இந்த வீட்டுக்குக் குடிவந்து முழுசாக ஒரு குளிர்காலம்கூட ஆகவில்லை, அதற்குள் அவளைக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக்கிவிட்டார்கள். "மருந்துக்கடையில உக்காந்துக்கிட்டு ஊர் சனத்தையே சமாளிக்கிறே, எங்களைச் சமாளிக்க மாட்டியாம்மா?" என்று சங்கத் தலைவர் சிரித்துக்கொண்டே சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். பூனைக்குட்டியைத் தடவுவதுபோல மெதுவாகப் பேசுகிற மனிதர். முன்பிருந்த செயலாளர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிட்டாராம். மாடிப்படி பல்பு, லிஃப்டின் முனகல், யார் வண்டியை யார் இடத்தில் நிறுத்துவது என்கிற தீராத பஞ்சாயத்து எல்லாம் அவள் தலையில் விழுந்தன.

பாய்லருக்கு வேண்டிய பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும். அதுவரை ஆளாளுக்கு வந்து கதவை உடைக்காத குறையாகச் சண்டை போடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தாள். ஒருவரும் வரவில்லை. அவளாகவே மாடி மாடியாகப் போய் மன்னிப்புக் கேட்டபோது, "பரவால்ல, சமாளிச்சுக்கலாம்" என்று புன்னகையோடு கதவைச் சாத்தினார்கள். சாத்துமுன் ஒரு வீட்டில் பார்த்தாள்: குளியலறைக்குள் மெத்தை விரித்து, கைக்குழந்தையைச் சுவரோரமாகப் படுக்க வைத்திருந்தார்கள்.

மாமியாரும் கண்டுபிடித்துவிட்டாள். முட்டிவலியில் இரவெல்லாம் அனத்துகிறவள், ஒரு நாற்காலியைக் குளியலறைக்குள் இழுத்துப் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, என்ன இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

"தைலம் எதுக்கும்மா இனிமே? இப்படியே சாஞ்சா போதும், வலியெல்லாம் உறிஞ்சி எடுத்துடுது."

அவள் பக்கத்தில் போய்ச் சுவரில் மூக்கை வைத்துப் பார்த்தாள். சுண்ணாம்பு வாசனை இல்லை. தூங்கி எழுந்தவர்களின் தலையணை வாசனை.

சில நாளில் சுவர் ஆறத் தொடங்கியது. அதற்குத்தான் சண்டை வந்தது. மாடிப்படியில் மறித்தார்கள், மருந்துக்கடைக்கே வந்து நின்றார்கள், கைக்குழந்தையின் அம்மா கண்ணில் தண்ணீரோடு, "பிள்ளைக்கு நெஞ்சு சளி கட்டுதுங்க, ஏதாவது பண்ணுங்க" என்றாள். சுவருக்குப் பின்னால் யாரோ ஒருவர் வீட்டுக் கீசரின் வெந்நீர்க் குழாய் கசிந்திருக்கும், இப்போது அடைத்துக்கொண்டிருக்கும் என்று அவள் நினைத்தாள். வேறென்ன நினைப்பது? மாடி மாடியாகக் குழாய்கள் இறங்குகிற குறுகலான இடுக்கு ஒன்று அந்தச் சுவருக்குப் பின்னால் ஓடியது. டக்ட் என்பார்கள். அதன் கதவு அடித்தளத்தில் இருந்தது.

"ஆளை உள்ள விட்டுப் பாத்துடும்மா," என்றார் தலைவர். "நானும் கூட வர்றேன்."

வந்த பிளம்பர் வாய் ஓயாதவன். கடவுளே வந்து குழாய் மாட்டினாலும் குறை கண்டுபிடிக்கிற ரகம். "யாரு அக்கா இந்தக் கதவைப் போட்டது? வெளிய தாழ்ப்பாள் வெச்சிருக்கான். உள்ள என்ன புலியா வளக்கறாங்க?" என்று சிரித்தபடி, டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, உடம்பை ஒருக்களித்து உள்ளே நுழைந்தான். அவனுடைய இருமல் கேட்டது. செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், ஏதோ கம்பளத்தின்மேல் நடப்பதுபோல மழுங்கிக்கொண்டே போனது.

"அக்கா."

"சொல்லுங்க."

"இங்க குழாயே இல்லையே."

அவள் தலைவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவரு மெத்து மெத்துன்னு இருக்கு அக்கா. சூடில்ல இப்போ. ஆனா..." குரல் நின்றது. டார்ச் வெளிச்சம் ஒருமுறை ஆடியது. "அக்கா, என் முதுகுப் பக்கம் சுவரு கிட்ட வந்துடுச்சு. கையக் கொடுங்க. அக்கா! கையக் கொடுங்க!"

இருட்டிலிருந்து அவன் விரல்கள் நீண்டன. அவள் பாய்ந்து கையை நீட்டினாள். விரல் நுனியும் விரல் நுனியும் உரசின. அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்து இழுத்தது, இன்னொரு கை கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டது. அவசரமே இல்லாமல், மழை வந்தால் ஜன்னலைச் சாத்துகிற மாதிரி.

உள்ளிருந்து இரும்புக் கதவில் தட்டும் சத்தம். தட்டு. தட்டு. பிறகு தூரத்தில். பிறகு இல்லை.

"குளிர்காலம் நீளம்மா," என்றார் தலைவர். "பெரியவங்க இருக்காங்க, பச்சப்புள்ளைங்க இருக்கு. நீ மேல போ."

அவள் கத்தியபடி மாடிப்படி ஏறினாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்து கைபேசியை எடுத்தபோது குளியலறையிலிருந்து மாமியாரின் சிரிப்பு கேட்டது. பல நாளாகக் கேட்காத சிரிப்பு.

"ஏம்மா, சாதிச்சுட்டியே! தொட்டுப் பாரு, சும்மா தகதகன்னு இருக்கு!"

கணவன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். அவள் திக்கித் திணறிச் சொன்னதையெல்லாம் கேட்டான். கேட்டுவிட்டு, கைபேசியை மெல்ல வாங்கி மேசைமேல் வைத்தான். "காலையில யோசிக்கலாம். அம்மா இப்பத்தான் கொஞ்சம் நிம்மதியா இருக்காங்க." மேல்வீட்டில் ஓயாமல் அழுதுகொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. கட்டடமே பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. அவள் கட்டிலில் சுருண்டாள். விடியுமுன் தன்னையறியாமல், குளிர் தாங்காமல், எழுந்து போய் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அதை யாரும் பார்க்கவில்லை.

பிளம்பரின் மனைவி மறுநாள் வந்தாள். மெலிந்த சால்வை, நீலம் பாரித்த உதடு. வாசல் கூடத்தில் தலைவரும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

"என் வீட்டுக்காரரு நேத்து இங்கதானே வேலைன்னு வந்தாரு?"

போலீஸ் என்கிற வார்த்தை செயலாளரின் நாக்கு வரை வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் எதிரில் உண்மையைச் சொல்ல அவளிடம் இருந்தது ஒரே ஒரு கணம்.

"வேலைய முடிச்சுட்டுக் கிளம்பிட்டாரே," என்றாள் அவள்.

"அப்படியா?" அந்தப் பெண், டக்டை ஒட்டியிருந்த பக்கத்துச் சுவரில் கை பட்டுத் திரும்பிப் பார்த்தாள். "உங்க கட்டடம் எவ்வளவு கதகதப்பா இருக்கு! நடந்தே வந்தேன். கொஞ்சம் குளிர் காஞ்சுட்டுப் போகட்டுமா?"

"தாராளமாம்மா," என்றார் தலைவர்.

அந்தப் பெண் இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் விரித்து வைத்தாள். பிறகு நெற்றியையும் வைத்தாள். சுவருக்குள்ளிருந்து, கூர்ந்து கேட்டாலொழியக் கேட்காத ஒரு சத்தம் வந்தது. நகத்தால் சுரண்டுவதுபோல.

"எலி," என்றார் ஒருவர்.

அந்தப் பெண் சிரித்தாள். கை சிவக்கும்வரை காய்ந்துவிட்டு, நன்றி சொல்லிப் போனாள்.

அந்தச் சூடு நிலைக்கவில்லை. மாதம் திரும்புமுன் சுவர் மறுபடி ஆறியது. பாய்லருக்கு வரவேண்டிய பாகத்தைப் பற்றி அவள் கேட்டபோது, அதை வேண்டாமென்று தலைவர் எப்போதோ சொல்லிவிட்டது தெரிந்தது. ஒரு சாயங்காலம், இருட்டுகிற நேரத்தில், வாசல் கூடத்தில் கூட்டம் கூட்டினார்கள். கம்பளியும் போர்வையுமாகச் சுற்றிக்கொண்டு எல்லோரும் வந்திருந்தார்கள். மாமியாரைக்கூடக் கணவன் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தான்.

"இன்னொரு ஆளை நான் கூப்பிட மாட்டேன்," என்றாள் அவள். "போலீசுக்குப் போகப் போறேன். என்னையும் சேத்துப் பிடிச்சுட்டுப் போகட்டும்."

யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

"வெளியாளே வேண்டாம்மா," என்றார் தலைவர். "அவங்களைத் தேடிக்கிட்டு யாராவது வர்றாங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கு. உன்னைத் தேடி வரக்கூடியவங்க எல்லாரும் இங்கேயே இருக்காங்க, பாரு."

அவள் திரும்பினாள். கணவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சம்மதம்னா கையத் தூக்குங்க," என்றார் தலைவர்.

முதலில் எழுந்தது மாமியாரின் கை. நடுங்கிக்கொண்டே, ஆனால் நேராக. பிறகு குழந்தையின் அம்மா. பிறகு எல்லோரும்.

"ஏங்க," என்றாள் அவள். "ஏங்க, என்னைப் பாருங்க."

அவன் பார்க்கவில்லை. கையைத் தூக்கினான்.

படிகள். பிடித்த கைகள் எல்லாம் ஜில்லென்று இருந்தன. கதவு. தாழ்ப்பாள்.

இருட்டு.

காலுக்குக் கீழே மெத்தென்றது. முன்னே சுவர். பின்னே சுவர். இரண்டும் நகர்ந்தன. கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. ஏதோ ஒன்று அவளை மேலே கொண்டுபோனது. மெதுவாக. தொண்டைக்குள் கவளம் இறங்குவதுபோல, ஆனால் மேல்நோக்கி. தலையணை வாசனை. வேறு யாரோ ஒருவரின் சட்டைப் பொத்தான் கன்னத்தில் உரசியது. பிறகு நின்றது.

அவள் உடம்பிலிருந்த சூடு, மார்பிலிருந்து, வயிற்றிலிருந்து, ஒரு பக்கமாக வழிந்து போகத் தொடங்கியது.

காகிதம்போல் மெல்லிய ஏதோ ஒன்றுக்கு அப்பால் சத்தம் கேட்டது. நாற்காலிக் கால் தரையில் இழுபட்டது. யாரோ முனகிக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஒரு முதுகு வந்து அவள் மார்பின்மேல் சாய்ந்தது. தண்டுவடத்தின் எலும்பு முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவளால் உணர முடிந்தது.

"வந்துடுச்சாம்மா?" கணவனின் குரல்.

"வந்துடுச்சுடா." முதுகு இன்னும் நன்றாக அழுத்திக்கொண்டது. "நீயும் வா. வந்து பக்கத்துல உக்காரு. தோ, இங்க கைய வை. நல்லாத் துடிக்குது."

அவன் வந்து கையை வைத்தான்.