கைக்கு வராத துடிப்புகள்

மார்பில் நூற்றுப் பதினான்கு, மணிக்கட்டில் தொண்ணூறு. வேல்விழி ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அப்பாவின் மணிக்கட்டில் விரலை வைத்தபடி இன்னொரு நிமிடம் எண்ணினாள். இப்போதும் இருபத்துநான்கு குறைந்தது.

அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று மெர்சி அக்கா சொல்லியிருந்தாள். வேல்விழி வேலை பார்க்கும் ஒரகடம் கம்பெனியில் மெர்சிதான் முதலுதவி அறை நர்ஸ். தன் பழைய ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்து எண்ணக் கற்றுத்தந்ததும் அவள்தான். அப்பா அய்யாத்துரைக்கு இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கின. துடிப்பு தாறுமாறாக வந்தது. அவற்றில் பலமில்லாத சில மார்பில் கேட்கும், கை வரைக்கும் வந்து சேராது.

"நெஞ்சு ஓ.டி. பாக்குதுட்டி. கை லீவு போட்டுட்டு" என்று அப்பா சிரித்தார். அறுபத்துமூன்று வயது. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி வாசலில் ஒன்பது வருடம் லாரிகளுக்குக் கேட் திறந்துவிட்டவர்.

வேல்விழியால் சிரிக்க முடியவில்லை. கம்பெனியில் அவள் திருகாணி மாட்டும் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிஃப்ட் தொடங்கும்போது திருகாணிகளை எண்ணிக் கொடுப்பார்கள். முடியும்போது மாட்டியதும் மிஞ்சியதும் சேர்ந்து அதே எண்ணிக்கை வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் லைன் நிற்கும். காணாமல் போனது மாட்டி முடித்த ஏதோ ஒரு பெட்டிக்குள் உருண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நான்கு வருடமாக அந்தப் பழக்கம் அவள் உடம்பில் ஏறியிருந்தது. குறைவது எதுவும் இல்லாமல் போவதில்லை. வேறு எங்கோ இருக்கிறது.

இது தப்பான யோசனை என்றும் அவளுக்குத் தெரிந்தது.

அந்த மாதம் முழுக்க அவளுக்கு நைட் ஷிஃப்ட். காலை ஏழரைக்குப் பென்னலூரில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, மாடி வீட்டுக்கு ஏறி, இட்லி ஊற்றி, அப்பாவின் துடிப்பை எண்ணிவிட்டுப் படுப்பாள். வெளிச்சம் வராமல் ஜன்னல்களில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒட்டியிருந்தார்கள். அந்தப் பழுப்பு இருட்டில், ஈரத் துணியும் தைலமும் கலந்த வாசனையில், பெங்களூர் ரோட்டில் போகும் டிரெய்லர்களின் உறுமல் தரைவழியாக முதுகுக்கு ஏறுவதைக் கேட்டபடி அவள் தூக்கத்துக்குள் இறங்கும்போதுதான் முதன்முதலில் அதைக் கேட்டாள். சுவரில், மிக மெதுவாக, உள்ளங்கையால் தட்டுவது போல. ஒன்று. நீண்ட இடைவெளி. இரண்டு சேர்ந்தாற்போல. அப்புறம் ஒன்று.

போர்வெல் மோட்டார் என்று நினைத்தாள், மோட்டார் ஓடவில்லை. தன் காதிலேயே அடிக்கும் ரத்தம் என்று நினைத்துத் தன் நாடியைப் பிடித்தாள். அது கடிகாரம் மாதிரி சீராக இருந்தது. அப்பா கட்டிலின் அதிர்வோ என்று கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தினாள். தட்டல் நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு போர்ஷன். ஆறு பையன்கள் இருந்தார்கள். போன நவம்பரில் அவர்கள் கம்பெனியை மூடியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஆள் வரவில்லை. வேல்விழி கீழே போய் வீட்டுக்காரம்மா கிளியம்மாளிடம் சாவி கேட்டாள். எலி சத்தம் கேட்கிறது என்று சொல்லிவைத்தாள்.

"காலி வூட்ல எலிக்கு இன்னா கீது துன்றதுக்கு?" என்றாள் கிளியம்மாள். ஆனாலும் முனகிக்கொண்டே வந்து பூட்டைத் திறந்துவிட்டுப் படியிலேயே நின்றுகொண்டாள்.

ஒன்றுமில்லை. துணிக்கொடி, ஒரு ஷூ, தரையெங்கும் படிந்த மெல்லிய புழுதி. புழுதியில் காலடி எதுவும் இல்லை. வேல்விழி பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப் பொதுச் சுவரில் வைத்தாள். சுண்ணாம்பின் குளிர்ச்சி விரலில் ஏறியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணினாள்.

இருபத்துநான்கு.

மறுநாள் அப்பாவிடம் முப்பத்தொன்று குறைந்தது. சுவரிலும் முப்பத்தொன்று.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தூக்கம் கெட்ட பெண் என்பார்கள். அப்படித்தான் இருக்கும் என்று அவளே பாதி நம்பினாள்.

அந்த வாரம்தான் அப்பாவின் இதய டாக்டர் சந்திரலேகா சிகிச்சைக்கு நாள் குறித்தாள். இதயத்தின் இடது மேலறையில் கட்டைவிரல் அளவில் ஒரு பை இருக்கிறது. துடிப்பு நடுங்குவதால் ரத்தம் அதில் தேங்கி உறைகிறது. உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் ரத்தம் உறையாத மாத்திரை. ஆனால் அந்த மாத்திரையால் அப்பாவுக்கு இரண்டு முறை வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, இரண்டாம் முறை மூன்று பாட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்தியாயிற்று. இனி ஒரு வழிதான்: தொடை வழியாகக் குழாயை ஏற்றி, குடைபோல் விரியும் ஒன்றை வைத்து அந்தப் பையின் வாயை அடைத்துவிடுவது. காப்பீட்டில் அனுமதி வந்துவிட்டது. வியாழக்கிழமை அட்மிஷன், சம்மதப் பத்திரத்தில் வேல்விழியின் கையெழுத்து.

"அடைச்சுட்டா துடிப்பு சரியாயிடுமா, டாக்டர்?"

"துடிப்பு இப்படியேதான் இருக்கும். கட்டி மட்டும் வெளியே வராது. அதனால தள்ளிப்போடாதீங்க."

அவளுக்குப் புரிந்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புதன்கிழமை காலை அப்பா இட்லியைப் பிய்த்தபடி கேட்கும்வரை புரிந்தது.

"அந்தப் பக்கம் பயலுவ திரும்ப வந்துட்டானுவளா தாயி? ராத்திரி பூரா தட்டுதானுவ."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நானும் பதிலுக்கு ரெண்டு தட்டு தட்டுனேன். நின்னுட்டு." அவர் மார்பைத் தடவிக்கொண்டார். "கூடவே இங்கயும் ஒரு நிமிசம் நின்னு வந்துச்சு. வெளிய எதையோ வச்சிட்டு வந்த மாதிரி இருந்துச்சுட்டி."

அன்று பகல் அவள் தூங்கவில்லை. வெளியே நிற்கும் துடிப்புகள் திரும்பி வரத்தான் தட்டுகின்றன. இதயத்தில் ஒரு வாயை அடைத்துவிட்டால் அவை எந்த வழியாக வரும்? முட்டாள்தனம். அடைப்பது வேறு, இது வேறு. டாக்டர் சொன்னாள். புரிந்தது. சுவரில் தட்டல் வேகமாயிற்று. நாற்பது. நாற்பத்திரண்டு. மூன்று மணிக்கு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல் என்றாள். பதினைந்து நாள் தள்ளி வேறு தேதி கொடுத்தார்கள்.

போனை வைத்ததும் சுவர் அமைதியாயிற்று. அவளுக்கு அழுகை வரும் அளவுக்கு நிம்மதி.

ஆறாம் நாள் காலை அவள் கதவைத் திறந்தபோது அப்பா தரையில் கிடந்தார். வாய் ஒருபக்கமாக இழுத்திருந்தது. வலது கையும் காலும் யாருடையவோ போல் மடங்கிக் கிடந்தன. இடது உள்ளங்கை சுவரில் பதிந்திருந்தது. அவளைப் பார்த்தார். பெயரைச் சொல்ல முயன்றார். வந்தது வெறும் காற்று.

கட்டி மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். இரண்டு நாள் இருந்தார். வராந்தாவில் மெர்சி கேட்டாள்: "காய்ச்சலே இல்லையேடி அவருக்கு. எதுக்குத் தள்ளிப்போட்ட?"

வேல்விழி தரையைப் பார்த்தாள். தன் காலணியைப் பார்த்தாள். வேறு யாரும் செய்யவில்லை. அவள்தான் செய்தாள்.

உடலைப் பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிளியம்மாள் ஜன்னல் அட்டைகளைக் கிழித்து எறிந்தாள். அட்டை ஒட்டியதற்குப் பிறகு முதல் தடவையாக அறைக்குள் வெயில் வந்தது. வாடகை ஐஸ் பெட்டி வந்து ஒரு மூலையில் உறுமியது. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள்.

"கைய வுடும்மா. கட்டணும்" என்றாள் கிளியம்மாள்.

வேல்விழி விடவில்லை. அவள் அறியாமலே விரல் பழைய இடத்தில் இருந்தது, மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே. தோல் குளிர்ந்து மெழுகாகியிருந்தது. மறு கை ஸ்டெதஸ்கோப்பை எடுத்துச் சட்டைக்குள் வைத்தது. பெண்கள் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள்.

மார்பில் ஒன்றுமில்லை. ஆழக் கிணற்று அமைதி.

விரலில் ஒன்று.

அவள் மூச்சை நிறுத்தினாள்.

இடைவெளி. இரண்டு சேர்ந்தாற்போல. அப்புறம் ஒன்று.

தன் நாடிதான். தன் விரலில் ஓடும் தன் ரத்தம். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடையது வேகமாக, சீராக ஓடியது. இது சீராக இல்லை. இது அவருடையது. ஒன்று. மூன்று. கைக்கு வராமல் போனவை. வந்துகொண்டிருந்தன. மார்பு இல்லாமல். அவரும் இல்லாமல்.

மெர்சி குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரலை எடுக்கும்போது மெர்சியின் விரல் அந்த இடத்தில் பட்டது. மெர்சி அசையவில்லை. முகத்தில் இருந்த நிறம் மெல்ல இறங்கியது. கையைச் சட்டென்று புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பெட்டில வைங்க" என்றாள், யாரையும் பார்க்காமல். "சீக்கிரம் வைங்க."

நான்கு பேர் தூக்கினார்கள். கண்ணாடி மூடி இறங்கியது. கொக்கி மாட்டும் சத்தம்.

எல்லோரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். வேல்விழி கையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு உள்ளே, வெள்ளைப் பனிக்கு நடுவே, மணிக்கட்டில் தோல் ஒரு முறை எழும்பித் தாழ்ந்தது.

நீண்ட இடைவெளி.

மறுபடி எழும்பியது.