சித்தப்பாவை அடைத்த பூட்டு

எங்கள் சித்தப்பா பூட்டுக்காரர். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் திருதிருவென்று விழிப்பவர்கள் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு கம்பி, இரண்டு திருகல், டக்! கதவு திறந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவரை இன்று காலை ஒரு மீசைக்காரப் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போய் அடைத்துவிட்டார். சித்தி செருப்புகூட மாட்டாமல் அழுதுகொண்டே ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். ஆனால் காவல் நிலையத்துக்குள் நுழைந்ததும் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. கம்பிக் கதவுக்குப் பின்னால் சித்தப்பா தரையில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளே வந்தார். "இவரு யாருய்யா?"

"பக்கத்துத் தெருவுல திருட்டுப் போச்சுல்ல மேடம்? பூட்டை உடைக்காமத் திறந்திருக்காங்க. இந்த ஆளுக்கு எல்லாப் பூட்டும் திறக்கத் தெரியும்!" என்றார் மீசைக்காரர் பெருமையாக.

எனக்கு வந்ததே கோபம்! "எனக்கும்தான் தெரியும். சித்தப்பா சொல்லிக் குடுத்திருக்காரு. என்னையும் உள்ள போடுங்க!"

சித்தி பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா சிரிக்கவில்லை. "பாப்பா கேக்குறது நியாயம்தானே? யாராவது இவரைப் பாத்தாங்களா? பொருள் ஏதாவது கிடைச்சுதா?"

"இ... இல்ல மேடம்."

இன்ஸ்பெக்டர் அம்மா என் பக்கம் குனிந்தார். "தகுந்த காரணம் இல்லாம ஒருத்தரைப் பிடிச்சு அடைச்சா, அதுக்குப் பேரு சட்டவிரோதக் கைது. அடைச்சவங்க மேலதான் தப்பு."

"போலீஸா இருந்தாலுமா?"

"போலீஸா இருந்தாலும். நானா இருந்தாலும்."

எனக்குப் புல்லரித்தது. தோளில் நட்சத்திரம், இடுப்பில் துப்பாக்கி! இவரையே தடுத்து நிறுத்த ஒன்று இருக்கிறதா!

"மன்னிச்சுக்குங்க," என்று சித்தப்பாவிடம் சொன்ன இன்ஸ்பெக்டர் அம்மா, மீசைக்காரர் பக்கம் திரும்பினார். "கதவைத் திறய்யா!"

மீசைக்காரர் சாவியைப் போட்டுத் திருகினார். பூட்டு அசையவில்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க சார். போன மாசம் ரிப்பேர் பண்ணப்பவே சொன்னேனே!" என்றார் உள்ளே இருந்த சித்தப்பா.

ஒருவழியாகப் பூட்டு திறந்தது. சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "நீங்க ரிப்பேர் பண்ண பூட்டுதானே? ஒரு கம்பியை விட்டுத் திறந்துட்டு வந்திருக்கலாமே, சித்தப்பா?"

"திறந்திருக்கலாம்தான். ஆனா நான் ஒரு தப்பும் பண்ணலையேடா. அடைச்சவங்களே திறந்து விடட்டும்னு உக்காந்திருந்தேன்."

நான் அவரை அண்ணாந்து பார்த்தேன். சித்தி பிடித்திருந்தது ஒரு கை; மறு கையை இந்த வாயாடி பிடித்துக்கொண்டாள்.