துடைக்காத மேடை

சுண்டெலி ஒளிந்துகொள்ளவில்லை. இன்றைக்காவது அது ஒளிந்திருக்க வேண்டும்.

எலியின் பயத்தை அளக்க, இடுப்புயரத்தில் கூட்டல் குறி வடிவில் ஒரு மேடை. அதன் நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்குக் கிடையாது. சாதாரண எலி சுவருக்குள்தான் பதுங்கும். மேதாவின் எலிகளுக்கு மூளையில் ஒரு புரதம் குறைவு, அதனால் பயமும் இல்லை, ஜம்மென்று வெட்டவெளிக்கு வந்து நிற்கும். பூங்குழலியும் இதே மைசூர் லேபில் மூன்று வருஷமாக மாடாய் உழைத்தவள்தான். அவள் எலிகள் மூலையை விட்டு நகரவில்லை. நிரந்தர வேலையோ ஒன்றே ஒன்று, நாளைக்கு முடிவு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்டி, கடைசி ரவுண்டை நீயே ஓட்டிடேன்" என்று காலையில் போனில் கேட்டிருந்தாள் மேதா. அவ்வளவு நம்பிக்கையாம்.

ஒவ்வொரு எலிக்குப் பிறகும் மேடையை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முந்தினதின் பயம் வாடையாக ஒட்டிக்கிடக்கும், அடுத்ததும் மிரளும். பூங்குழலி துடைக்கவில்லை. முதலில் தன் எலிகளில் ரொம்ப நடுங்குகிறதை மேடையில் விட்டு எடுத்து, அது மூத்திரம் பெய்த ஈரத்தின் மேலேயே மேதாவின் எலியை, இரண்டு விரலால் பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கி இறக்கினாள்.

மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், ஏசியின் முனகலுக்கும் கூண்டுகளில் உமி கீறப்படும் சத்தத்துக்கும் நடுவே, அது அந்த ஈரத்தை நிதானமாக மோந்தது, பிறகு விளிம்புவரை வந்து மீசை அசைய அவளைப் பார்த்தது. அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. மூத்திர வாடை இப்போது மேடையிலிருந்து வரவில்லை. அவள் அக்குளிலிருந்து வந்தது.

கதவு எதிரில்தான். நடுவில் வெறும் தரை.

கால் எழவில்லை.

முதுகைச் சுவரில் ஒட்டினாள். நகர்ந்தாள். கூண்டு அடுக்கின் அடியில் இருட்டு. நுழைந்துகொண்டாள்.

கதவு திறந்தது. வெள்ளை விளக்கு.

"பூங்குழலி? சீக்கிரமே வந்துட்டேன்." மேதா குனிந்தாள். கையுறை மாட்டும் சத்தம். "ஒண்ணுமில்ல, வா."

குரலில் துளி பயமில்லை. அந்த நேரத்திலும் பூங்குழலிக்குப் பொறாமையாக இருந்தது.

கை உள்ளே வந்தது. மெதுவாக.

கடித்தாள். ரப்பர். பிறகு ரத்தம். விட முடியவில்லை.

மேதா கத்தவில்லை. இன்னொரு கையை உள்ளே விட்டு, இரண்டு விரலால் அவள் பிடரித் தோலைத் தேடினாள்.